பர்மௌர்த் திருக்கோயிலும் நம் திருப்பணியும்

திருத்தல யாத்திரை சென்று மீண்டவரைக் கண்டால் நாம் வழமையாக வினவும் வினாக்கள் இரண்டு. கோபுரம் எத்துணை உயரம் என்பது ஒன்று. கூட்டம் எவ்வளவு என்பது மற்றொன்று. மூன்றாவது வினா ஒன்றுண்டு. அங்கே உள்ளனவற்றுள் உண்மையிற் பழையன எவை, அவை இத்துணைக் காலம் அழியாது நின்றது எவ்வாறு என்பதே அது. இதனை வினவுவார் அரியர். ஆயினும், திருப்பணி என்னும் பெயரால் இன்று நம்மிடையே நடைபெறுவனவற்றை நோக்கும்போது, நாம் முதலில் வினவவேண்டியது இம்மூன்றாம் வினாவையே என்பது என் கருத்து. இவ்வினாவுக்குத் தெளிந்த விடை தரவல்ல கோயில் தொகுதி ஒன்று இமயமலைச் சாரலில் உண்டு. அதனைக் காணும் வாய்ப்பு எனக்குக் கிட்டியமையால், அங்கே கண்டதையும் அதுபற்றிக் கருதியதையும் பழைய மாணவர்க்கும் இன்றைய மாணவச் செல்வங்களுக்கும் ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றேன்.

இமாசலப் பிரதேசத்துச் சம்பா மாவட்டத்திலே, கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் அமைந்த மலையூர் பர்மௌர். பத்தான்கோட்டு வரை புகையிரதத்திற் சென்று, அங்கிருந்து மலைப்பாதையாற் சம்பா நகரை அடைந்து, பின்னும் ஏறத்தாழ 60 கிலோமீற்றர் செல்லல் வேண்டும். பாதையின் ஒரு புறம் செங்குத்தான மலைச்சுவர். மறுபுறம் கீழே ஆழத்தில் இரைந்தோடும் இராவி ஆறு. பஞ்சாபின் ஐந்து நதிகளுள் ஒன்றென நாம் புவியியற் பாடத்திற் படித்த அதே ஆறுதான். அதனுடன் புதில் என்னும் கிளையாறு வந்து கூடுமிடத்திற் பிரிந்து, கிளையாற்றின் பள்ளத்தாக்கு வழியே மேலேறினால், தேவதாரு மரங்களுக்கிடையே பர்மௌர் தோன்றும்.

இவ்வூரின் பழம்பெயர் பிரமபுரம். இப்பெயர் சைவத் தமிழர் செவிக்குப் புதியதன்று. சீகாழியின் பன்னிரு திருப்பெயர்களுள் ஒன்று அது. திருஞானசம்பந்தர் அருளிய முதற் பதிகம் பிரமபுரத்துக்கே உரியது. இவ்விரண்டு ஊர்களுக்கும் தொடர்புண்டென யான் சொல்ல வரவில்லை. பெயர் ஒப்புமை ஒன்றே உண்டு. எனினும், சம்பந்தப் பிள்ளையார் தென்னாட்டிலே பாடிய ஏழாம் நூற்றாண்டு முடிந்து நெடுங்காலம் செல்லுமுன்பே, வடகோடியில் மற்றொரு பிரமபுரத்திலே ஒரு மன்னன் தேவியின் திருவுருவை வார்ப்பித்து நிறுத்தினான் என்பதை எண்ணும்போது உள்ளத்தில் ஓர் உவகை எழுகின்றது.

ஊரின் நடுவே உள்ள அகன்ற முற்றமே கோயில் தொகுதியாகும். அதனைச் சௌராசி என்பர். அவர்தம் மொழியில் எண்பத்துநான்கு என்பது இதன் பொருள். பத்தாம் நூற்றாண்டிலே சாகில வர்மன் என்னும் மன்னன் காலத்தில் எண்பத்துநான்கு சித்தர் இவ்விடத்திற் றங்கினர் என்றும், மகப்பேறற்றிருந்த மன்னன் அவர் அருளாற் பத்துப் புதல்வரையும் சம்பாவதி என்னும் புதல்வியையும் பெற்றான் என்றும், அப்புதல்வியின் பெயராலேயே சம்பா நகரம் அமைந்தது என்றும் அவ்வூரார் கூறுவர். முற்றத்தின் நடுவிலே கல்லாலாகிய உயர்ந்த சிகரத்தோடு மணிமகேசர் கோயில் நிற்கின்றது. உள்ளே சிவலிங்கம், எதிரே ஆளளவு உயர்ந்த பித்தளை நந்தி. ஒரு புறத்தில் நரசிங்கப் பெருமான் கோயில்; மற்றொரு புறத்தில் தருமராசர் கோயில். இறந்தோர் உயிர்கள் இத்தருமராசர் முன்னிலையிலே கணக்குக் கூறியே அப்பாற் செல்லல் வேண்டுமென அம்மலைநாட்டார் நம்புவர். சிறு சிறு சன்னிதிகளும் வெறும் பீடத்தின்மேல் வைத்த இலிங்கங்களும் அவற்றிடையே சிதறிக் கிடக்கின்றன.

இக்கோயில்களைக் காத்து வந்தோர் யாவர்? பத்தாம் நூற்றாண்டிலே தலைநகர் சம்பாவுக்கு மாறியது. அரசனும் அரண்மனையும் செல்வமும் மலையிறங்கிச் சென்றபின், பர்மௌரில் எஞ்சியோருட் பெரும்பாலார் கத்தி எனப்படும் இடையர் குலத்தார். ஆட்டு மயிராலான நீண்ட அங்கியை அணிந்து, இடையிலே கம்பளிக் கயிற்றைப் பலமுறை சுற்றிக் கட்டிக்கொள்வது அவர்தம் மரபுடை. பனி பெய்யும் காலத்தில் மந்தைகளோடு மலையைக் கடந்து காங்கிராப் பக்கத்துத் தாழ்நிலங்களுக்குச் சென்று, வேனிற்காலத்தில் மீள்வது அவர்தம் வாழ்வு. ஆண்டுதோறும் கிருஷ்ண செயந்தி முதல் இராதா அட்டமி வரை, 13,000 அடிக்கு மேலுள்ள மணிமகேசப் பொய்கைக்குச் செல்லும் யாத்திரிகர் இவ்வூர் வழியாகவே ஏறுவர். அம்மலையின் கடுமை சிறிதன்று. 2025ஆம் ஆண்டு ஆவணி மாதத்துப் பெருமழையிலே சம்பாவிலிருந்து வரும் பாதை பலவிடங்களில் அறுந்துபோக, ஆயிரக்கணக்கான யாத்திரிகர் மலையில் அகப்பட்டு வருந்தினர். இன்றைய பொறியியலாளர் இட்ட பாதையே நில்லாத இடத்தில், ஏறத்தாழ 1,300 ஆண்டுகளாக ஒரு மரக்கோயில் நிற்கின்றது. அதுவே இலட்சணா தேவி கோயில்.

இக்கோயிலை வெளியிலிருந்து நோக்குவோர் ஏமாற்றமடைவர். கோபுரமில்லை, விமானமில்லை. மரச்சட்டங்களை இடையிடையே கிடத்தி முருட்டுக் கற்களை அடுக்கிய சுவர். அதன்மேற் சரிவான சிலேற்றுக் கற்கூரை. மலைநாட்டுக் குடியானவன் வீடு ஒன்று சற்றுப் பெருத்தாற்போன்ற தோற்றம். என்னுடன் வந்த யாத்திரிகர் சிலர் இதனைப் பண்டசாலை எனக் கருதி அப்பாற் சென்றுவிட்டனர்.

வாயிலை அணுகியபின்னரே உண்மை விளங்கும். முகப்பு முழுவதும் மரச்சிற்பம். நிலையைச் சூழ்ந்து ஒன்றினுள் ஒன்றாகச் செல்லும் சிற்ப வரிசைகளில், கங்கையும் யமுனையும் உட்படத் தெய்வ உருவங்கள் நிற்கின்றன. மேலே முக்கோண முகப்பிலே கருடன்மீதமர்ந்த திருமால் மூன்று முகங்களோடு விளங்குகின்றார். மழையும் வெயிலும் பட்டு முகங்கள் சில தேய்ந்துள்ளன. மரம் விறகுபோல வெளுத்து வரிவரியாக வெடித்துள்ளது. உள்ளே சென்றால், அக்காற்றும் மழையும் படாமையாற் கூர்மை குன்றாத தூண்களும் போதிகைகளும் இருளினின்று மெல்லமெல்லத் தோன்றும். விதானத்திலே சதுரத்தைத் திருப்பிச் சதுரத்தின்மேல் வைத்து ஒடுக்கி, நடுவில் விரிந்த தாமரையை அமைத்துள்ளனர். குப்தர் காலத்துச் சிற்பமரபு மரத்திலே எஞ்சியிருப்பதைக் காணவேண்டுமாயின் இங்குதான் காணல் வேண்டும். இம்மரக்கோயில்களைப்பற்றி 1955ஆம் ஆண்டு ஹெர்மன் கேற்ஸ் என்னும் அறிஞர் தனி நூலே எழுதினார்.

கருவறையிலே மூன்றடிக்குச் சற்று மேற்பட்ட பித்தளைத் திருவுருவம். மகிடாசுரனை அழிக்கும் கோலம். வலத்திருவடி எருமையின் தலைமேல் ஊன்ற, ஒரு கரம் அதன் வாலைப் பற்றித் தூக்க, மற்றொரு கரத்துச் சூலம் கழுத்திற் பாய்கின்றது. எனினும் தேவியின் திருமுகத்திற் சினமில்லை. தாய் ஒருத்தி குழந்தையின் காலில் தைத்த முள்ளை எடுக்கும்போது கொள்ளும் கவனமே அம்முகத்திற் காணப்படுவது.

திருவுருவத்தின் பீடத்திலே வடமொழியில் ஒரு வாசகம் பொறிக்கப்பட்டுள்ளது. ஆதித்த குலத்திலே தோன்றியவனும் திவாகர வர்மனின் மைந்தனுமாகிய மேரு வர்மன் இலட்சணா தேவியின் இத்திருவுருவைச் செய்வித்தான் என்பது அதன் கருத்து. எழுத்தமைதி கொண்டு இதனைக் கி.பி. 700ஆம் ஆண்டளவினதெனக் கணிப்பர். இவ்வாசகங்களை ஆராய்ந்து 1911இல் வெளியிட்ட ஒல்லாந்து அறிஞர் போகல் என்பார், அவற்றின் வடமொழி பிழை மலிந்ததெனக் காட்டியுள்ளார். இலட்சணம் என்னுஞ் சொல்லையும் இலக்கணம் என்னுஞ் சொல்லையும் ஒருங்கே வைத்தெண்ணும் தமிழாசிரியனுக்கு, இலட்சணா தேவியின் திருவடியிலேயே இலக்கண வழுக்கள் இருப்பது புன்முறுவலைத் தரும். ஆயினும் அவ்வாசகம் மன்னன் பெயரோடு நிற்கவில்லை. அதனைச் செய்தவன் பெயரையும் கூறுகின்றது. கம்மியன் குக்கா என்பது அப்பெயர். கணபதி திருவுருவத்திலும், வழியில் மலைமேலுள்ள சத்ராரி என்னும் ஊரின் சக்தி தேவி திருவுருவத்திலும் அவன் பெயர் உண்டு. பிறந்த ஊர் எது, ஆசிரியன் எவன் என்பன அறியோம். இச்சில எழுத்துக்களே அவன் வரலாறு. அவை இல்லையாயின், வடபாரதத்தின் தலைசிறந்த வார்ப்புக் கலைஞருள் ஒருவன் பெயரற்றவனாய் மறைந்திருப்பான். தஞ்சைப் பெருவுடையார் கோயிற் கல்வெட்டும் குஞ்சரமல்லன் என்னும் பெருந்தச்சன் பெயரைப் பொறித்துவைத்திருப்பதை நம்மவர் ஈண்டு நினைவு கூரலாம். பேரரசனும் சிற்றரசனும் தம் கோயிலிற் கம்மியன் பெயருக்கு இடங்கொடுத்தனர்.

இனி முன்னர் எழுப்பிய வினாவுக்கு வருவோம். இவை அழியாது நின்றது எவ்வாறு?

இலட்சணா தேவி கோயிலின் சிலேற்றுக் கூரை 1,300 ஆண்டுப் பழைமையுடையதன்று. பனியின் பாரத்தால் அது நைந்தபோதெல்லாம் மாற்றப்பட்டே வந்தது. புறச்சுவரும் பலகாற் செப்பனிடப்பட்டதே. மாற்றப்படாதவை நிலையும் தூணும் விதானமும் திருவுருவமும். பெயரறியாத அம்மலைவாழ் மக்கள், மாற்றவேண்டியது எது, மாற்றலாகாதது எது என்னும் வேறுபாட்டை அறிந்து நடந்தனர். கூரை காப்பது, சிற்பம் காக்கப்படுவது. காப்பதை மாற்றினர், காக்கப்படுவதைத் தொடாது விட்டனர். திருப்பணி நெறி முழுவதும் இதனுள் அடங்கும்.

கணபதி திருவுருவம் இதனினும் வியத்தற்குரியது. அதன் கால்கள் உடைந்துள்ளன. கீரர் என்னும் பகைவர் படையெடுத்துக் கோயிலைத் தீயிட்டபோது நேர்ந்த ஊறு அது என்பது அவ்வூர்ச் செவிவழிச் செய்தி. பின்னமான மூர்த்தியைப் பூசித்தலாகாதென விதி கூறுவோர் எங்கும் உளர். ஆயின் பர்மௌரார் அப்பிள்ளையாரை ஆற்றில் விடவில்லை. உருக்கிப் புதிது வார்க்கவுமில்லை. ஊறுற்ற தந்தையை வீட்டினின்று அகற்றாத மக்களைப்போல, அவ்வுருவத்தையே இன்றும் வணங்கி வருகின்றனர். உருக்கியிருப்பின் பளபளக்கும் புதிய பிள்ளையார் ஒருவர் வந்திருப்பார். கம்மியன் குக்காவின் பெயர் தாங்கிய உருவங்களுள் ஒன்று போயிருக்கும்.

"அவர்கள் ஏழைகள், புதிது கட்டப் பொருளில்லாமையாற் பழையதை வைத்திருந்தனர், இதில் அறிவுடைமை எங்கே?" என வினவுவார் இருக்கலாம். வினா நேர்மையானதே. வறுமையும் அக்கோயிலைக் காத்த காவலருள் ஒன்று என்பதை மறுத்தற்கில்லை. இன்று பொருள் வரவர, பர்மௌரிலும் சூழவுள்ள மரவீடுகள் மறைந்து சீமெந்துக் கட்டடங்கள் எழுகின்றன. இலட்சணா தேவி கோயில் இந்தியத் தொல்பொருளாய்வுத் துறையின் காவலிலுள்ளது. அக்காவல் இல்லாதிருப்பின் அதற்கு இனி யாது நேரும் என்று சொல்லுதல் அரிது. இதனாற் பெறப்படுவது யாதெனின், வசதியின்மை காத்துத் தந்ததை வசதி வந்த காலத்தில் அறிவு காத்தல் வேண்டும் என்பதே. அறிவு அப்பணியை ஏற்காதவிடத்து வசதியே பகையாகின்றது.

பழையது உறுதியற்றது, புதியதே நிலைக்கும் என்னும் வாதமும் உண்டு. 1905ஆம் ஆண்டு ஏப்ரில் 4ஆந் தேதி காங்கிராப் பகுதியைப் பெருநிலநடுக்கம் தாக்கியது. காங்கிரா நகரத்தின் புகழ்பெற்ற வச்சிரேசுவரி கோயில் இடிந்து வீழ்ந்தது. அதனைப் பின்னரே மீளக் கட்டினர். மலைத்தொடருக்கு இப்பாலுள்ள இலட்சணா தேவி கோயில் நின்றது. கல்லிடையே மரச்சட்டம் கிடத்தும் சுவர், நிலம் அசையும்போது தானும் சிறிது அசைந்து கொடுப்பது. தூரமும் அன்று துணைநின்றிருக்கலாம். ஆயினும் மரமுங் கல்லுங் கலந்து கட்டும் அம்முறை நடுக்கமுறும் நிலத்திற்கேற்றதென இன்றைய பொறியியலாரும் ஒப்புவர். தம் மண்ணின் இயல்பறிந்து முன்னோர் கட்டியதை அறியாமை எனத் தள்ளுதல் தகாது.

இதனை எழுதத் துணிந்ததற்குக் காரணம் நம் நாட்டு நிலையே. 1621இல் போர்த்துக்கேயத் தளபதி ஒலிவேறா நல்லூர்க் கோயிலை இடிப்பித்தான். அக்காலத்து அழிவினால் வடபுலத்திலே நம் பழங்கோயிற் கட்டடங்களைப் பெரும்பாலும் இழந்தோம். 2009இல் முடிவுற்ற போரிலே மீண்டும் பலவற்றை இழந்தோம். பகைவராலும் போராலும் அழிந்தவற்றை நினைந்து வருந்தாத தமிழர் இல்லை. ஆயின் அவ்வழிவுகளுக்குத் தப்பி எஞ்சியவற்றை நம் கையாலேயே அகற்றும்போது வருந்துவார் எத்துணைப் பேர்? சுண்ணாம்புச் சாந்திட்ட பழைய மண்டபம் இடிபடுகின்றது. சீமெந்து மண்டபம் எழுகின்றது. நம் தச்சர் மூன்று தலைமுறைக்கு முன் செதுக்கிய மரவாகனம், வண்ணம் மங்கிற்று என்னும் ஒரு குற்றத்தால், கொட்டிலிற் கிடந்து கறையானுக்கு இரையாகின்றது. மின்குழல் விளக்கு ஒவ்வொன்றிலும் உபயகாரர் பெயர் எழுதப்பட்டிருக்கின்றது. தேரைச் செய்த தச்சன் பெயரோ எங்கும் இல்லை. 1,300 ஆண்டுகளுக்கு முன் ஒரு மலைநாட்டு மன்னன் தன் கம்மியனுக்குச் செய்த மதிப்பை நாம் நம் கம்மியர்க்குச் செய்தோமில்லை.

இவ்வாறு கூறுவோர்க்கு எதிராக நன்னூலை எடுத்துக்காட்டுவாரும் உளர். சொல்லதிகாரத்தின் இறுதிச் சூத்திரம் பழையன நீங்குதலையும் புதியன வருதலையும் குற்றமன்றெனக் கூறவில்லையா என்பர். ஆம், கூறுகின்றது, ஆனாற் பவணந்தியார் அங்கே பேசுவது சொற்களைப்பற்றி. வழக்கிழந்த சொல்லும் நூலிலே எழுதப்பட்டுக் கிடக்கும். வேண்டியபோது எடுத்துப் பயிலலாம். இடித்த மண்டபத்தை எந்நிகண்டிலிருந்து எடுப்பது?

ஆகம வழிப்பட்ட திருப்பணியையும் குடமுழுக்கையும் யான் மறுக்கின்றேனல்லேன். கோயில் காட்சிச்சாலையன்று. வழிபாடு நடைபெறும் இடத்திற் செப்பனிடுதலும் புதுக்குதலும் இன்றியமையாதவை. பர்மௌரிலும் அவை நடந்தே வந்தன. நைந்ததைப் புதுக்குதல் வேறு. நையாததையும் சேர்த்து இடித்தல் வேறு. ஜீர்ணோத்தாரணம் என்னும் பெயரே நைந்ததை எடுத்து நிறுத்துதல் என்னும் பொருளதாகும்.

நாம் செய்யத்தக்கன பெருஞ்செயல்கள் அல்ல. திருப்பணி தொடங்குமுன் பழைய கட்டடத்தை அளந்து, படம் பிடித்து, அங்குள்ள எழுத்துக்களை ஒன்றுவிடாது படியெடுத்து வைத்தல் முதலாவது. அகற்றத்தான் வேண்டுமெனின், அகற்றிய தூணையும் நிலையையும் வாகனத்தையும் கோயிலிலேயே ஓரிடத்திற் பேணிவைத்தல் இரண்டாவது. புதிது செய்யும் ஸ்தபதி, தச்சர், கொத்தர் ஆகியோர் பெயரையும் ஆண்டையும் உபயகாரர் பெயரோடு ஒப்பக் கல்லிற் பொறித்தல் மூன்றாவது. இவற்றுட் படியெடுக்கும் பணியை உயர்வகுப்பு மாணவர் தம் தமிழ்ச் சங்கத்தின் வாயிலாகச் செய்யலாம். அதனினுஞ் சிறந்த தமிழ்ப் பாடம் வேறில்லை. பிறநாடுகளிலிருந்து தம் ஊர்க்கோயிலுக்குப் பொருளனுப்பும் பழைய மாணவர்க்கு ஒரு சிறப்புரிமை உண்டு. கொடுப்பவன் கேட்கலாம். "இப்பொருளால் எதனை இடிக்கப் போகின்றீர்கள்?" என்று ஒருமுறை கேட்டபின் கொடுங்கள். அவ்வொரு வினா பல தூண்களைக் காக்கும்.

இஃது விழாக்காலம். கல்லூரியின் வளர்ச்சி குறித்தும் புதிய கட்டடங்கள் குறித்தும் நாம் பேசும் வேளை. அவை வேண்டும், வகுப்பறை போதாமை ஆசிரியனாகிய யான் நாள்தோறும் உணர்வது. எனினும், பழைய மண்டபத்தின் கூரையை மாற்றுவோர் அதன் தூண்களை ஒருமுறை தொட்டுப் பார்த்து, எது காப்பது, எது காக்கப்படுவது என்று தம்முள் வினவிக்கொள்வாராக. புதிய சுவரில் நன்கொடையாளர் பெயர் பொறிக்கும் கல்லிலே, அச்சுவரைக் கட்டிய கொத்தன் பெயருக்கும் ஒரு வரி இடம் விடுவாராக.